மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குப் படிப்பும் வேலையும்: சொல்லிவிட்டுப் போவதா, மறைத்துப் போவதா?

வேளிமலை | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே வாசித்துவிட்டு மட்டும் போனவன். இன்று கேட்டே ஆகவேண்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். என் தங்கைக்கு 24 வயது. பி.இ. மூன்றாம் வருடம் படிக்கும்போது அவளுக்கு இருமுனைக் கோளாறு வந்தது, டாக்டர் பைபோலார் என்று சொல்வார். அது நோய் என்றே முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பத்து நாள் சரியாகத் தூங்காமல் இருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியைக் காலி பண்ணித் திரும்ப அடுக்குவாள். ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கெல்லாம் மெஸ் காசில் சுடிதார் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அப்புறம் அதே பிள்ளை மூன்று மாதம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வருகைப்பதிவு விழுந்துவிட்டது. கல்லூரியில் கூப்பிட்டு, "சுகமானதும் பார்க்கலாம், இப்போ டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்துபோன வேலை.

இப்போது இரண்டரை வருடமாக நன்றாக இருக்கிறாள். மருந்து தவறுவதில்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை உண்டு. அட்டையோடு கொண்டுபோனால் யாராவது பெயரைப் பார்த்து போனில் தேடிவிடுவார்கள் என்று, காலையிலேயே மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு பழைய தைல டப்பாவில் போட்டுக்கொண்டு போவாள். நாலு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் கூட வேலை பார்க்கும் பெண் தலைவலிக்குத் தைலம் வேண்டும் என்று அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். "இது என்ன மாத்திரை, டப்பாவில் ஒளித்து வைத்திருக்கே?" என்று பேச்சு கிளம்பி முதலாளி காதுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அவர் அன்றைய தேதி வரைக்கும் சம்பளத்தை எண்ணிக் கையில் கொடுத்து, "வீட்டில் இருந்து ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதில் பேசியிருப்பேன் என்கிறாள்.

அதற்குப் பிறகு மூன்று இடத்துக்கு நேர்காணல் போனாள். மூன்றிலும் ஒரே கேள்வி: "இடையில் இரண்டு வருஷம் என்ன பண்ணினே?"

நான் கேட்பது இதுதான். போகும் இடத்தில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லதா? மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் உபயோகம் உண்டா, இல்லை அதுவே முத்திரையாகிவிடுமா? விட்ட படிப்பைத் திரும்பப் பிடிக்க வழி இருக்கிறதா?


பழையாறு | ஞாயிறு, இரவு 10:25

தம்பி, நான் கல்லூரி அலுவலகத்தில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டி.சி. என்ற வார்த்தையைப் படித்ததும் வயிறு எரிந்தது.

மற்ற பெற்றோரும் வாசிப்பார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். பிள்ளைக்கு உடம்புக்கோ மனதுக்கோ சுகமில்லாமல் போனால் எக்காரணம் கொண்டும் அவசரத்தில் டி.சி. வாங்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பருவத்துக்கு 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை இறங்கிவரலாம், சான்றிதழ் கொடுத்துக் கட்டணம் கட்டினால் தேர்வு எழுதவிடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். நீண்ட நாள் வர முடியாது என்றால் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க முறைப்படி விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால் பெயர் பட்டியலிலேயே இருக்கும், திரும்பி வரும்போது அந்தப் பருவத்தில் சேர்ந்துகொள்ளலாம். டி.சி. வாங்கிவிட்டால் அந்தக் கதவைச் சாத்தியது நாமாகிவிடுகிறோம். பிறகு தட்ட வேண்டியதும் நாம்தான்.

இன்னொரு சங்கதி. நாலு வருடப் பி.இ.யை 7 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். படிப்பை நிறுத்திவைத்த காலமும் அந்த 7ல் சேரும். கட்டிலில் கிடந்த மாதங்களையும் படித்த மாதங்களாகத்தான் எண்ணுவார்கள். மஞ்சள் காமாலை வந்த பையன் ஒரு மாதத்தில் எழுந்துவிடுவான். இந்த மாதிரி நோய் முதல் தடவை வருவதே பெரும்பாலும் வாலிப வயதில்தான், எழுந்திருக்க வருடமும் ஆகும். இந்த ஏழு வருடக் கணக்கைப் போட்டவர்கள் அதை யோசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தங்கை சேர்ந்து எத்தனை வருடம் ஆகிறது? எத்தனை அரியர்?


வேளிமலை | ஞாயிறு, இரவு 10:41

சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது சார். நாலு பருவம் எழுதியிருக்கிறாள், இரண்டு அரியர். ஐந்தாம் பருவம் பாதியில் நின்றது.


பழையாறு | ஞாயிறு, இரவு 10:58

அப்படியானால் பி.இ.யை இந்தக் கணக்குக்குள் முடிப்பது நடக்காத காரியம் தம்பி. ஆசை காட்டி உங்களை அலைய விட மனமில்லை. ஆனால் பிளஸ் டூ சான்றிதழ் கையில் இருக்கிறதே. அதை வைத்துத் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேரலாம், கோணத்தில் ஐ.டி.ஐ. இருக்கிறது. எழுதி முடித்த பருவங்களின் மதிப்பெண் சான்றிதழ்களை மட்டும் விடாமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.


நாஞ்சில் கடை | திங்கள், காலை 7:15

வடசேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஆள் வைப்பவன் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கோபப்படாதீர்கள்.

மூன்று வருடம் முன்னால் ஒரு பையனை வைத்திருந்தேன், நல்ல உழைப்பாளி. ஒருநாள் திடீரென்று, வாடிக்கையாளர் ஒருவர் தன்னைப் பற்றித்தான் போனில் பேசுகிறார் என்று அவரோடு சண்டைக்குப் போய்விட்டான். அவர் கொத்தனார்மார் பத்துப் பேரைக் கூட்டிவருபவர். நான் என்ன செய்யட்டும்? அவன் வீட்டில் கூப்பிட்டுக் கேட்டால், "அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை, ராத்திரி தூங்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஆஸ்பத்திரியில் இருந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கோபம் நோயின் மேல் இல்லை, மறைத்ததன் மேல்தான். ஏணி ஏறி இரும்புக் குழாய் இறக்குகிற கடை இது. எனக்குத் தெரிந்திருந்தால் அவனை ஏணியில் ஏற்றியிருக்க மாட்டேன்.

வேளிமலைத் தம்பி, அந்த முதலாளி செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பயமும் உண்மையானதுதான்.


முட்டம் கலங்கரை | திங்கள், பிற்பகல் 2:05

நாஞ்சில் அண்ணாச்சி, உங்கள் மேல் கோபம் இல்லை. நேராகப் பேசினீர்கள். நானும் நேராகப் பேசுகிறேன். எனக்கே பைபோலார் உண்டு, 14 வருடமாக லித்தியம் சாப்பிடுகிறேன்.

நாங்கள் கடலுக்குப் போகிற குடும்பம். எனக்கு முதலில் வந்தபோது இரண்டு வருடம் ஜெபத்துக்கும் மந்திரிப்புக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்காகக் கண்ணீர் விட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்த இரண்டு வருடம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன், அதோடு நின்றது.

மருந்து பிடித்ததும் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனேன், யாரிடமும் சொல்லாமல். 12 நாள் தங்கல். லித்தியம் சாப்பிடுகிறவனுக்கு உடம்பில் தண்ணீரும் உப்பும் குறையக் கூடாது. வெயிலில் வேர்த்து, வாந்தியும் எடுத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். ஐந்தாம் நாள் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கஞ்சிச் சட்டியைப் பிடிக்க முடியவில்லை, நடை தள்ளாடியது. ஒளித்து வைத்துக் குடிக்கிறான் என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். குடிகாரன் என்ற பேர் பரவாயில்லை, அந்தப் பேர் வேண்டாம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். கரைக்கு வந்து ரத்தம் சோதித்தபோது டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறைப்பதன் விலை இதுதான். உயிர் போயிருக்கும். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கேட்டு வளர்கிறார்கள். "ஊளம்பாறைக்கு வண்டி ஏத்தணுமா?" என்று, திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லி விளையாட்டில்கூடக் கேட்கிற ஊர் இது. திருவிதாங்கூர் காலத்திலிருந்து வரும் பேச்சு. மாவட்டம் 1956ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அந்தப் பேச்சு மட்டும் எங்கேயும் போகவில்லை. அதைக் கேட்டு வளர்ந்தவன் உங்கள் கடைக்கு வந்து முதல் நாளே எப்படிச் சொல்வான் அண்ணாச்சி?

இப்போது நான் துறையில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். அந்த முதலாளிக்குத் தெரியும். எப்படிச் சொன்னேன் என்றால், சேர்ந்து இரண்டு மாதம் வேலையைப் பார்க்க விட்டேன். பிறகு ஒருநாள் சாயா குடிக்கும்போது, "எனக்கு இப்படி ஒரு சுகக்கேடு உண்டு, மருந்தில் இருக்கிறேன். தொடர்ந்து மூன்று ராத்திரி தூங்காமல் இருந்தால் எனக்கே தெரியும், அப்போது இரண்டு நாள் லீவு வேண்டும்" என்றேன். நோய்ப் பெயரைச் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்பதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நமக்கும் சுகருக்கு ஊசி உண்டுடே" என்றார். ஆறு வருடம் ஆகிறது. இரண்டு முறை அந்த லீவு எடுத்திருக்கிறேன்.


பிச்சிப்பூ | திங்கள், இரவு 8:30

நான் மனநல சமூகப் பணியாளர். சான்றிதழைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை உண்டு. மனநோய் அதில் தனி வகை. அறிவுசார் குறைபாடு என்பது வேறு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதினால் சான்றிதழே தப்பாகிவிடும், அதனால் கையில் வாங்கியதும் வகையைப் படித்துப் பாருங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீடு மனநோய்க்குக் கிடையாது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றுக்குத்தான். இது தெரியாமல் நிறையப் பேர் அலைகிறார்கள்.

மதிப்பிடும் முறை இப்படி. தன்னைப் பராமரித்தல், மற்றவர்களோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எத்தனை வருடமாக நோய் இருக்கிறது என்பதற்கும் 4 வரை. மொத்தம் 20. அதில் 7 வந்தால் 40 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த 40 வேண்டும். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீதத்தில் 1 சதவீதம் மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும் வயதில் 5 வருடத் தளர்வும் உண்டு.

இதில் என்னை எப்போதும் உறுத்துவது ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, தலை வாரி, நன்றாகப் பேசிக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைக்கு 4 அல்லது 5 மதிப்பெண்தான் வரும். சான்றிதழ் கிடைக்காது, கிடைத்தாலும் 40ஐத் தொடாது. அதே பிள்ளை கடையில் போய் நின்றால், "உனக்கு நோய், வேண்டாம்" என்கிறார்கள். மதிப்பீட்டு மேஜையில் போதுமான அளவு நோயாளி இல்லை, கல்லா மேஜையில் போதுமான அளவு நலம் இல்லை. வேளிமலைத் தம்பியின் தங்கை நிற்பது சரியாக இந்த நடுவில்தான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் விண்ணப்பிப்பதில் தவறில்லை, மதிப்பிட்டுச் சொல்லட்டும்.

40க்குக் கீழே என்றால் உரிமையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் தேர்வில் எழுத உதவியாளர் கேட்டதற்கு, 40 சதவீதம் இல்லை என்று காட்டி மறுக்க முடியாது என்றது. அவரவருக்குத் தேவையான சிறு மாற்றங்களைச் செய்துகொடுப்பது உரிமை, அதைச் சதவீதத்தால் அளக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நாஞ்சில் அண்ணாச்சி, ஒன்று சொல்லட்டுமா? 2015-16ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. உங்கள் தெருவில் உள்ள கடைகளில் 20 பேர் வேலை பார்த்தால் இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கக்கூடும். அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.


அனந்தன் கால்வாய் | திங்கள், இரவு 9:10

பிச்சிப்பூ அக்கா, என் வீட்டுக்காரர் அரசு வேலையில் இருக்கிறார். ஒரு வருடமாக மனச்சோர்வு, லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடச் சொல்லி அலுவலகத்தில் நெருக்குகிறார்கள். கொடுத்துவிடலாமா?


பிச்சிப்பூ | திங்கள், இரவு 9:22

கொடுக்கவே கூடாது. நெருக்கடியில் இருக்கும்போது எதிலும் கையெழுத்து வேண்டாம். வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அதே 2016 சட்டத்தின் 20ம் பிரிவு சொல்கிறது. பார்த்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்த ஒருவர் வழக்கில், மனநோய்க்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் சான்றிதழ் கையில் இல்லாமல் இதைக் கேட்பது கஷ்டம். முதலில் அவருக்கு மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். தனிச்செய்தியில் வாருங்கள், மனு எழுத உதவுகிறேன்.


கீரிப்பாறை | செவ்வாய், காலை 11:50

நமக்குச் சட்டம் தெரியாது. ரப்பர் தெரியும். எட்டு வருடமாக ஒருவர் நம்மிடம் வேலை பார்க்கிறார், அவர் கதையைச் சொல்கிறேன்.

மனச்சிதைவு நோய் உள்ளவர். காதில் குரல் கேட்கும், மருந்தில் அது அடங்கி இருக்கிறது. முன்னால் அவர் பால்வெட்டுக்காரர், கை சுத்தம். பால்வெட்டு என்றால் விடியும் முன்பே மரத்தடியில் நிற்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இவருக்கு ராத்திரி சாப்பிடும் மாத்திரை காலை எட்டு மணி வரை ஆளை அமுக்கும். தூக்கக் கலக்கத்தில் வெட்டினால் கத்தி பட்டைக்கு அடியில் மரம் வரை போய்விடும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும். பழைய இடத்தில் இரண்டு தடவை அப்படி ஆனது, நிறுத்திவிட்டார்கள். வேலையை விட வேண்டாம் என்று அவரே மாத்திரையை விட்டார். ஒரே மாதத்தில் திரும்பவும் ஆஸ்பத்திரி.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தேன். இவர் பத்து மணிக்கு வருவார். சிரட்டையிலிருந்து எடுத்து வந்த பாலை அரிப்பது, தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி ஆசிட் சேர்ப்பது, உறைந்ததும் மிஷினில் கொடுத்து ஷீட் அடிப்பது, புகைப்புரையில் காயப்போடுவது. எல்லாம் பகல் வேலை. ஆசிட் அளக்கும்போது ஆரம்பத்தில் நான் பக்கத்தில் நின்றேன், பிறகு தேவைப்படவில்லை. அவர் அடிக்கும் ஷீட்டைக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், ஒரு கொப்புளம் இருக்காது. தனியாக இருக்கும்போது சில சமயம் வாய்க்குள் பேசுவார். பக்கத்து விளைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்களும் ஷீட் அடிக்கக் கொண்டுவருகிறார்கள்.

காலை நேரம்தான் இங்கே எல்லோரையும் கொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தோவாளைப் பூச்சந்தைக்கு விடியும் முன்னே போக வேண்டும், கடலுக்கு ராத்திரியே போக வேண்டும், காலேஜ் பஸ் ஏழு மணிக்கு. இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தால் பாதிப் பேர் வேலைக்கு வந்துவிடுவார்கள்.


கொல்லாமரம் | செவ்வாய், மாலை 6:35

கீரிப்பாறை அண்ணன் சொன்னது நெஞ்சைத் தொட்டது. நான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், 17 வருடம் இருந்தேன். எங்கள் வரிசையில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி நாள் முழுவதும் வாயே திறக்க மாட்டாள், பருப்புத் தோல் உரிப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை மணிக்கு வந்தாய், நடுவில் இரண்டு வருடம் எங்கே போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சில நாள் அவள் வரமாட்டாள். மறுநாள் வந்து அதே இடத்தில் உட்காருவாள், நாங்கள் நகர்ந்து இடம் விடுவோம்.

ஆனால் இதைப் பெருமையாக மட்டும் சொல்ல முடியாது. லீவு எடுத்த நாள் கூலி இல்லை. ஆபீஸ் மூடினால் ஒன்றும் இல்லை. இன்னொன்று, அங்கே வந்தவர்கள் எல்லாம் எங்களைப் போல எட்டு, பத்து படித்தவர்கள். தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் நம்முடையது, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். வீட்டுக்கு வீடு இஞ்சினியர். அப்படிப் படித்த பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் சின்ன வேலைக்கு அனுப்ப வீட்டாருக்கு மனசு வராது, பெரிய வேலை கிடைக்காது. எங்கள் தெருவிலேயே எம்.எஸ்சி. படித்த ஒருத்தி ஒன்பது வருடமாக மாடியறையில் இருக்கிறாள். தங்கச்சிக்குக் கல்யாணம் முடியும் வரை வெளியே தெரியக் கூடாது என்று வைத்தார்கள். கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்தாயிற்று. அவள் இன்னும் கீழே வரவில்லை.


நாஞ்சில் கடை | செவ்வாய், இரவு 9:00

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அந்தப் பையனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினேன். ஆனால் அவன் இருந்த ஒன்றரை வருடத்தில் கடையில் யாரையாவது பற்றி, "அவனுக்கு வட்டு" (பைத்தியம்) என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் எண்ணிக்கை இல்லை. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

ஒரு சந்தேகம். எனக்குத் தெரியவந்தால் நான் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?


முட்டம் கலங்கரை | செவ்வாய், இரவு 9:45

அண்ணாச்சி, இதைக் கேட்டதே எனக்குப் போதும்.

நோய் என்ன, எப்படி வந்தது, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்காதீர்கள். "எந்த நேரம் உனக்குக் கஷ்டம்? முடியாமல் போகும்போது எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குப் போன் பண்ணட்டும்?" என்று கேளுங்கள். மாதம் ஒருநாள் மருந்து வாங்கப் போக வேண்டியிருக்கும், அதை லீவாகப் பார்க்காதீர்கள். அப்புறம் முக்கியமாக, மற்ற ஆட்களிடம் சொல்லாதீர்கள். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடும்போது பக்கத்தில் வந்து நின்று பார்க்கவும் வேண்டாம்.


பிச்சிப்பூ | செவ்வாய், இரவு 10:02

இதோடு ஒன்று. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை என்ற ஒன்றை எழுதி வெளியில் தெரியும்படி வைக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி செய்கிறோம் என்பது அதில் இருக்க வேண்டும். 2017ம் ஆண்டு விதிகளில் இது உண்டு. பெரிய ஜவுளிக்கடை, தனியார் கல்லூரி எல்லாம் இதில் அடங்கும். நேர்காணலுக்குப் போகும்போது அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். சிகிச்சை விவரத்தை நோயாளியின் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்று 2017ம் ஆண்டு மனநலச் சட்டத்திலும் இருக்கிறது. முதலாளி போன் பண்ணினால் ஆஸ்பத்திரி சொல்ல வேண்டியதில்லை. மனசு நெருக்கும் ராத்திரிகளுக்கு 14416 என்ற எண்ணும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.


சுசீந்திரம் டீச்சர் | புதன், காலை 6:50

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அக்கறையோடு எழுதுகிறீர்கள். ஆனால் வேளிமலைத் தம்பி, ஒரு கேள்வி. உங்கள் தங்கை என்ன செய்ய ஆசைப்படுகிறாள்? நீங்கள் எழுதியதில் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார், கல்லூரி டி.சி. கொடுத்திருக்கிறது, முதலாளி சம்பளம் எண்ணியிருக்கிறார், நீங்கள் இங்கே கேட்கிறீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்பது எங்கேயும் இல்லை.

குறையாகச் சொல்லவில்லை. பிளஸ் டூ வகுப்பில் ஒரு பையன் அப்படி ஒடுங்கிப்போனபோது நானும் அவன் அப்பாவும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து எல்லாம் முடிவு செய்தோம். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.


வேளிமலை | புதன், இரவு 8:15

டீச்சர், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று சாயங்காலம் இந்த இழையை அப்படியே அவளிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதியதற்கு முதலில் ஒரு சண்டை போட்டாள், நியாயம்தான். பிறகு முழுவதும் படித்தாள். ஷீட் அடிக்கும் அண்ணனைப் பற்றியதை இரண்டு தடவை படித்தாள். அவளே எழுதுகிறேன் என்றாள்.


தைல டப்பா | புதன், இரவு 9:30

நான்தான் அந்தத் தங்கை. அண்ணன் பெயரில் எழுத வேண்டாம் என்று புதுப் பெயர் எடுத்தேன்.

எனக்கு பி.இ. வேண்டாம். சுகமில்லாமல் போவதற்கு முன்பே எனக்கு அது பிடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பில் போடும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரி கல்லாவும் பில்லும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும்போது மனசு லேசாக இருக்கும். கணக்குப் படிக்கலாம் என்று நினைக்கிறேன், பழையாறு சார் சொன்ன பி.காம். அதற்குச் சரிவரும். ஒரு வருடத்துக்கு இத்தனை தாள் என்று யாரும் விரட்டாமல் இருந்தால் எழுதிவிடுவேன்.

சான்றிதழுக்கும் போய்ப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் போகட்டும், அதற்காக அண்ணன் அழக் கூடாது.

சொல்வதா மறைப்பதா என்று அண்ணன் கேட்டிருந்தான். முட்டம் அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டுச் சொல்வேன் என்று நினைக்கிறேன். மாத்திரையை இனிமேல் அட்டையோடுதான் கொண்டுபோவேன். பிதுக்கி டப்பாவில் போட்டால் நமுத்துப்போகிறது, சில நாள் தைல வாசனையும் ஒட்டிக்கொள்ளும், குமட்டும்.

பழையாறு சார், கல்லூரிக்கு மதிப்பெண் சான்றிதழ் கேட்டு நானே போகலாம் என்றிருக்கிறேன், அண்ணன் இல்லாமல். என்ன கொண்டுபோக வேண்டும்? அந்த அலுவலக வாசலை நினைத்தால் கொஞ்சம் கை வேர்க்கிறது.


பழையாறு | புதன், இரவு 9:52

மக்களே, ஒரு மனு எழுது, முதல்வருக்கு. பெயர், பதிவு எண், எந்தெந்தப் பருவம், எதற்கு வேண்டும் என்பது மட்டும் போதும், ஏன் நின்றாய் என்று எழுத வேண்டியதில்லை. டி.சி.யின் நகல், ஹால் டிக்கெட் ஏதாவது இருந்தால் அதன் நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ. மனுவை இரண்டு பிரதி எடு, ஒன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள். நிலுவைக் கட்டணம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடு.

திங்கட்கிழமை போகாதே, கூட்டமாக இருக்கும். செவ்வாயோ புதனோ பதினொரு மணிக்கு மேல் போ. உனக்கும் காலை நேரம் கஷ்டம், அவர்களுக்கும் அப்போதுதான் கை ஒழியும். போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுது, அடுத்தது என்ன என்று பார்ப்போம்.